நான்கு திருகுகள்

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1962இல் செய்த ஒரு ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் இன்று விற்பனைக்கு வந்தால், அதன் நாதத்தைப் பற்றிய கேள்வி கடைசியாகத்தான் எழும். உடலின் வண்ணப்பூச்சு ஆலையில் அடித்ததுதானா, பிக்கப்பின் கம்பிச் சுருளை யாராவது மறுபடி சுற்றியிருக்கிறார்களா, ஈயப்பற்று உருக்கப்பட்டிருக்கிறதா, ஃப்ரெட்டுகள் மாற்றியவையா என்ற விசாரணைகள் முடிந்த பிறகே ஆம்ப்ளிஃபையரைப் போடுவார்கள். மறுபூச்சு அடித்த கருவியின் விலை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது இந்த வணிகத்தில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. கை படாமல் வந்து சேர்ந்த கருவியே உண்மையான கருவி, பட்ட கைகள் ஒவ்வொன்றும் அதன் மதிப்பைக் கரைத்தன என்பது இந்தச் சந்தையின் அடிப்படை நம்பிக்கை. ஓவியத்துக்கோ செப்பேட்டுக்கோ இந்த நம்பிக்கை பொருந்தலாம். மின்பேஸின் வரலாற்றை ஆராய்ந்தால் இங்கே அது தலைகீழாக நிற்பது தெரியும். கழற்றவும் மாற்றவும் பழுதுபார்த்துத் திரும்பப் பூட்டவும் வேண்டும் என்ற எண்ணத்திலேயே பிறந்த கருவி அது. அதன் வயதை நிர்ணயிக்கும் முறையும், அதை வாசிப்புக்கு ஆயத்தம் செய்யும் முறையும், அது உலகப் புகழ் பெற்ற விதமும் இதையே சொல்கின்றன.

இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் கிட்டார் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. பாடுபவரின் குரலுக்கு அடியில் தனக்கென ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு அது நடக்கும். ஆனால் 1950க்கு முன் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் அந்த வேலையைச் செய்தது ஆளுயர டபுள் பேஸ். அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் பித்தளைக் குழல்களும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடாது. இதற்கு மாற்றுத் தேடியவர்களில் லியோ ஃபெண்டர் முதல்வர் அல்லர். சியாட்டிலைச் சேர்ந்த பால் டட்மார்க், ஃப்ரெட் பதித்த, கிட்டாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின்பேஸ் ஒன்றை 1930களிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். அது பரவவில்லை. 1951இன் கடைசியில் சந்தைக்கு வந்த ப்ரிசிஷன் பேஸ் பரவியது. இந்த வேறுபாட்டுக்கு விற்பனை வலைப்பின்னல், ஆம்ப்ளிஃபையர்களின் முன்னேற்றம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் கருவியின் வடிவத்தைப் புரிந்துகொள்ள, அதைச் செய்தவரின் தொழிலைத்தான் பார்க்க வேண்டும்.

1909இல் பிறந்த லியோ ஃபெண்டர் கணக்கியல் படித்தவர். 1938இல் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வயலின், கிட்டார் செய்யும் பரம்பரைத் தச்சர்களிடம் பாடம் கேட்டவரும் இல்லை. ரேடியோ மெக்கானிக்கின் கண்ணில் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பது, மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே கை போகிறதா, கெட்ட பாகத்தை மட்டும் எடுத்துப் புதியதை வைக்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது. ப்ரிசிஷன் பேஸ் அந்தக் கண்ணால் வரையப்பட்டது. உடல், ஒரு ஆஷ் மரப் பலகை. கழுத்து, மேப்பிள் மரத்தில் தனியாகச் செதுக்கியது. இரண்டையும் இணைப்பது பசையோ பொருத்துநாக்கோ அல்ல. ஓர் எஃகுத் தகட்டின் வழியே பின்புறமிருந்து முறுக்கிய நான்கு மரத்திருகுகள். வீணையில் மெட்டுகள் எனப்படுபவற்றுக்கு நிகரான ஃப்ரெட்டுகள் இருபது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸில் காதால் தேட வேண்டிய சுரத்தானத்தை ஃப்ரெட் துல்லியமாகக் காட்டிவிடும் என்பதால்தான் அந்தப் பெயர். இரண்டு ஆண்டுகள் கழித்து 1953இல் கிப்சன் நிறுவனம் தன் முதல் மின்பேஸை வெளியிட்டபோது, அதை மஹோகனியில் வயலின் வடிவத்தில் செய்து கழுத்தைப் பசையால் ஒட்டியது. ஒன்று தச்சரின் மரபு, மற்றது மெக்கானிக்கின் மரபு. ஃபெண்டரின் கழுத்து வளைந்தாலோ உடைந்தாலோ நான்கு திருகுகளைத் தளர்த்தி வேறொன்றைப் பூட்டலாம். உலகம் முழுதும் பின்பற்றியது இந்த இரண்டாவது மரபைத்தான்.

மாற்றம் வடிவமைப்புக்குள் இருந்ததைப் போலவே ஆலையின் நடைமுறையிலும் இருந்தது. 1954இல் ப்ரிசிஷனின் தட்டையான பலகை, கைக்கும் வயிற்றுக்கும் இதமாகச் சரித்துச் செதுக்கப்பட்டது. 1956 வாக்கில் ஆஷுக்குப் பதில் ஆல்டர் மரம் பெரும்பாலான உடல்களுக்கு வந்தது. 1957இல் ஒற்றைச் சுருள் பிக்கப் போய், இரண்டாகப் பிளந்து முன்பின்னாக வைத்த பிக்கப் வந்தது, தலைப்பகுதி அகன்றது, உடலைத் துளைத்துச் சென்ற தந்திகள் பிரிட்ஜிலேயே மாட்டப்பட்டன. 1959இல் மேப்பிள் கழுத்தின் மேல் ரோஸ்வுட் பலகை ஒட்டப்பட்டது. 1962இல் அந்தப் பலகை மெலிந்து அடிப்புறம் வளைந்தது. 1960இல் ஒடுங்கிய கழுத்தும் இரண்டு பிக்கப்புகளும் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய அதன் குமிழ்கள் இரண்டே ஆண்டுகளில் மூன்று தனிக் குமிழ்களாயின. இந்த மாற்றங்களில் சில வாசிப்பவர்களின் குறைகளைக் கேட்டுச் செய்தவை, சில செலவைக் குறைக்கச் செய்தவை, சில கிடைத்த மரத்தைக் கொண்டு ஒப்பேற்றியவை. இவற்றில் எது மூல வடிவம் என்று கேட்டால் விடை இல்லை. சேகரிப்பாளர்கள் கொண்டாடும், 1951 முதல் 1965 வரையிலான பதினான்கு ஆண்டுகளும் முடிவுறாத ஒரு திருத்தப் பணியின் ஆண்டுகள். ஏதோ ஒரு நாளில் ஆலையை விட்டு வெளியேறிய நிலையைப் புனிதமாக்குவது, செய்தவர்களே திருத்திக்கொண்டிருந்த ஒரு வரைவை இறுதிப் பிரதியாக அறிவிப்பதற்கு ஒப்பு.

இதற்கு வலுவான சாட்சி, பழைய பேஸை அடையாளம் காணும் கலையே. புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவது வரிசை எண்ணை. ஃபெண்டரில் அது ஆரம்ப ஆண்டுகளில் பிரிட்ஜிலும், பிறகு கழுத்தை இணைக்கும் எஃகுத் தகட்டிலும், 1976 முதல் தலைப்பகுதியிலும் இருந்தது. தகடுகளில் எண்களை முன்கூட்டியே பொறித்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். கைக்கு வந்த தகடு கருவியில் ஏறியது. எனவே பெரிய எண் பிந்திய கருவி, சிறிய எண் முந்திய கருவி என்ற விதி அங்கே செல்லாது. எண்ணுக்கு முன் ‘எல்’ என்ற எழுத்து இருந்தால் 1960களின் முற்பாதி என்றும், எண்ணுக்குக் கீழே பெரிய ‘எஃப்’ இருந்தால் 1965க்கும் 1976க்கும் இடைப்பட்டது என்றும் காலத்தை அகலமாக வரையறுக்கலாம். அதற்கு மேல் நெருங்க முடியாது. தவிர, தகடும் நான்கு திருகுகளில் நிற்கும் ஒரு பாகம்தான். அதையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

அடுத்த படியாகக் கழுத்தைக் கழற்றி அதன் அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். 1962 வரை அங்கே பென்சிலில் மாதமும் ஆண்டும் எழுதினார்கள். அதன் பிறகு ரப்பர் முத்திரை வந்தது. முத்திரையில் ஓர் எண், மாதம், ஆண்டு, ஓர் எழுத்து என்ற வரிசை இருக்கும். முதலில் வரும் எண்ணைத் தேதி என்று பலர் நெடுநாள் படித்தார்கள். அது கழுத்து எந்த மாடலுக்கு என்பதைக் குறிக்கும் ஆலைக் குறியீடு. கடைசி எழுத்து, கழுத்தின் மேல்முனையின் அகலத்தைக் குறிப்பது. ஒடுங்கிய ஜாஸ் கழுத்துக்கு ‘ஏ’, அகன்ற ப்ரிசிஷன் கழுத்துக்கு ‘சி’. முத்திரை குத்திய மாதம் கழுத்தின் பிறந்த மாதம். கருவியின் பிறந்த மாதம் அல்ல. கழுத்துகள் தொகுதியாகச் செய்து அடுக்கப்பட்டு, வாரங்களோ மாதங்களோ கழித்து வேறொரு நாளில் செய்த உடலைச் சந்தித்தன.

மூன்றாவது சாட்சி வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் முதுகில் இருக்கும். அமெரிக்க மின்பாகத் தொழிலின் பொதுக் குறியீட்டின்படி, 1376612 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 66 என்பது ஆண்டு, 12 என்பது வாரம்; 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம். இந்தக் குறியீடு, கருவி எந்த நாளுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். 1966இல் மொத்தமாக வாங்கிக் குவித்த கன்ட்ரோல்கள் அந்தப் பத்தாண்டின் இறுதி வரையிலும் கருவிகளில் ஏறிக்கொண்டிருந்தன என்பது பழைய ஃபெண்டர்களைத் திறந்து பார்ப்பவர்கள் அறிந்தது. 1969இன் கழுத்தும் 1966இன் கன்ட்ரோலும் ஒரே கருவியில் இருந்தால் அது மோசடி ஆகாது. ஆக, ஒரு பேஸின் வயது என்பது கழுத்து, உடல், பிக்கப், கன்ட்ரோல் ஆகிய நான்கு சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒத்துப்பார்த்து எட்டும் ஒரு வீச்சு. அதற்கு ஒற்றைப் பிறந்தநாள் கிடையாது. கை படாத நிலை என்று சந்தை சொல்லும் அந்தத் தொடக்கமே, வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு கைகள் செய்த பாகங்களின் தற்செயல் சேர்க்கை. அந்தக் கைகளின் தடம் சில இடங்களில் பெயராகவே மிஞ்சியிருக்கிறது. 1950களின் சில கழுத்துகளில் பென்சிலால் எழுதிய முதலெழுத்துகள், கழுத்துகளைச் செதுக்கிய ததேயோ கோமஸுடையவை. 1956இல் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஃபெண்டரில் பணியாற்றிய அபிகெய்ல் இபர்ரா தான் சுற்றிய பிக்கப்புகளில் தன் முதலெழுத்துகளை இட்டார்.

ஆலை எண்ணிய பயன்பாடும் மேடையில் நிகழ்ந்த பயன்பாடும் ஒன்றல்ல என்பதற்கும் கருவியிலேயே தடயம் உண்டு. பழைய ப்ரிசிஷனில் மெல்லிய தந்திக்குக் கீழே ஒரு சிறு கட்டை திருகப்பட்டிருக்கும். பார்ப்பவர்கள் அதைக் கட்டைவிரல் ஊன்றும் இடம் என்று நினைப்பார்கள். ஆனால் அது இருக்கும் இடத்தில் கட்டைவிரலை ஊன்ற முடியாது. நான்கு விரல்களையும் அதில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் தந்தியை மீட்டுவார்கள் என்பதுதான் ஃபெண்டரின் எதிர்பார்ப்பு. வாசிப்பவர்களோ ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டு மீட்டினார்கள், சிலர் பிளெக்ட்ரத்தால் தட்டினார்கள். 1970களின் நடுவில் நிறுவனம் அந்தக் கட்டையைத் தடித்த தந்தியின் பக்கத்துக்கு மாற்றி, வாசிப்பவர்களின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. பிரிட்ஜை மூடும் குரோம் மூடிக்குள் தந்திகளை அமுக்க நுரைப்பஞ்சு வைக்கப்பட்டிருந்தது; டபுள் பேஸைப் போல ஒலி சட்டென்று அடங்க வேண்டும் என்பது நோக்கம். பெரும்பாலானோர் அந்த மூடியைக் கழற்றி எறிந்தார்கள். தந்தியும் மாறியது. தொடக்கத்தில் தட்டை நாடா சுற்றிய மழமழப்பான தந்திகளே இருந்தன. 1966இல் லண்டனின் ரோட்டோசவுண்ட், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலின் தேவைக்கேற்ப உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளை உருவாக்கியபோது, பியானோவின் கீழ்சுரங்களை ஒத்த கணீரென்ற ஒலி பேஸுக்குக் கிடைத்தது. எனவே, பழைய பேஸின் மூல ஒலி வேண்டும் என்று கேட்டுப் பெரும்விலை கொடுப்பவர், மூடியைக் கழற்றி, நுரையை நீக்கி, உருண்டைத் தந்தி மாட்டி வாசிக்கும் கணத்திலேயே அந்த மூல ஒலியை விட்டு விலகிவிடுகிறார். அதில் தவறில்லை. அவர் விரும்புவது வாசிப்பவர்கள் உண்டாக்கிய மரபை. ஆனால் விலை கொடுப்பது ஆலையின் பெயருக்கு.

அந்த மரபின் உச்சங்களில் இருப்பவை எல்லாமே கைபட்ட கருவிகள். டெட்ராய்டின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒற்றை விரலால் ஒரு தலைமுறையின் பாடல்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன், 1962இன் ப்ரிசிஷனில் தட்டைத் தந்திகளை அறுந்தாலொழிய மாற்றாமல், தந்திகள் கழுத்திலிருந்து மிக உயர்ந்து நிற்க, நுரையின் அமுக்கத்தோடு வாசித்தார். இன்றைய மெக்கானிக் யாரும் அதைச் சரியான செட்டப் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பலகை மேல் பூசினார். பின்னாளில் துண்டுகளாக உடைந்து ஒட்டிச் சேர்க்கப்பட்டு, 1986இல் நியூயார்க்கில் திருடுபோய், இருபது ஆண்டுகள் கழித்து அதே நகரில் வெளிப்பட்ட அந்தக் கருவியை, மெட்டாலிக்கா குழுவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியோடு குடும்பத்தினர் மீட்டார்கள். கெடி லீ தன் 1972இன் ஜாஸ் பேஸுக்கு வேறொரு பிரிட்ஜைப் பூட்டினார். 1998இல் ஃபெண்டர் அவர் பெயரில் மாடல் வெளியிட்டபோது அந்த மாற்று பிரிட்ஜையும் சேர்த்தே வெளியிட்டது. இவை பிரபலங்களின் கருவிகள், பெயருக்குத்தான் மதிப்பு என்று மறுக்கலாம். பெயர் விலையைக் கூட்டுகிறது என்பது சரி. ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்த ஒலி, திருத்தப்பட்ட கருவியிலிருந்து வந்தது.

இனி மூன்று மறுப்புகளை நேராகச் சந்திக்க வேண்டும். முதலாவது, 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியதோடு தரம் வீழ்ந்தது, எனவே அதற்கு முந்திய கருவிகளைத் தொடாமல் காப்பது நியாயம் என்பது. வீழ்ச்சி என்பது கற்பனை அல்ல. எழுபதுகளில் உற்பத்தி பெருகியபோது கழுத்துக்கும் உடலுக்கும் இடையில் இடைவெளி தெரியும் கருவிகளும், தோளை வதைக்கும் கனமான உடல்களும், 1968க்குப் பின் தடித்த பாலியெஸ்டர் பூச்சும் வந்தன. ஆனால் வீழ்ச்சி மெல்ல நடந்தது. பத்திரம் கைமாறிய நாளில் நடக்கவில்லை. 1965இன் பிப்ரவரியில் கழுத்தைச் செதுக்கியவர்களும் பிக்கப் சுற்றியவர்களும் முந்திய டிசம்பரில் இருந்த அதே தொழிலாளர்கள்தான். வீழ்ச்சியின் சின்னமாகத் தூற்றப்படும் மூன்று திருகுக் கழுத்தையே எடுத்துக்கொள்வோம். கழுத்தின் சாய்வைக் கழற்றாமலே சீர்செய்ய உதவும் அந்த அமைப்பு 1970களில் ஜாஸ் பேஸில் வந்தது. ப்ரிசிஷனில் நான்கு திருகுகளே நீடித்தன. அந்தச் சாய்வு அமைப்பின் காப்புரிமை லியோ ஃபெண்டரின் பெயரில் இருக்கிறது. சி.பி.எஸ்ஸுக்கு ஆலோசகராக இருந்த காலத்தில் விண்ணப்பித்த அதை, அவர் விலகிச் சென்று மியூசிக் மேன் நிறுவனத்துக்காக உருவாக்கிய 1976இன் ஸ்டிங்ரே பேஸிலும் பயன்படுத்தினார். யோசனையில் கோளாறு இல்லை. அவசரத்தில் மரத்தைப் பொருந்த வெட்டாததில்தான் கோளாறு. மார்க்கஸ் மில்லர் வாழ்நாள் முழுதும் வாசித்துவரும் கருவி, ரோஜர் சடௌஸ்கி உள்ளே ஒரு ப்ரீஆம்ப் சேர்த்துக் கொடுத்த 1977இன் ஜாஸ் பேஸ் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1965 என்பது கணக்குப் புத்தகத்தில் கிழித்த கோடு. அதைக் கொண்டு மரத்தையும் கம்பியையும் அளக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு ஒலியைப் பற்றியது. பழைய மரம் உலர்ந்து பண்பட்டிருக்கிறது, அன்றைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மரத்தை மூச்சுவிட வைத்தது, எனவே பூச்சை மாற்றினால் நாதம் போகும் என்பார்கள். அந்தப் பூச்சை ஃபெண்டர் தேர்ந்ததற்குக் காரணம் அது சீக்கிரம் காயும், கார்த் தொழிலில் எளிதாகக் கிடைக்கும் என்பதே. ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ போன்ற புகழ்பெற்ற வண்ணங்கள் டூபாண்ட் நிறுவனத்தின் கார்ப் பெயின்ட்டுகள், அவற்றில் சில நைட்ரோவே அல்ல, அக்ரிலிக். மேல்பூச்சு எதுவானாலும் மரத்தின் துளைகளை அடைக்க அடியில் ஒரு கெட்டியான சீலர் பூசப்பட்டது. 1963 வாக்கில் வந்த ஃபுல்லர்பிளாஸ்ட் சீலர் எதையும் ஊடுருவ விடாது. அதன் மேல் பூசிய நைட்ரோ எந்த மரத்தை மூச்சுவிட வைத்திருக்க முடியும்? மரம் உலர்வதால் ஏதோ மாறலாம் என்பதை முற்றாக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தந்தியின் வகை, பிக்கப்பின் உயரம், கழுத்தின் வளைவு, மீட்டும் விரல் ஆகியவை உண்டாக்கும் வேறுபாடுகளுக்கு நடுவே அதைப் பிரித்துக் கேட்பது கடினம். மேலும், அறுபது ஆண்டுகளாக யாரோ காப்பாற்றி வைத்திருந்த கருவி பெரும்பாலும் தொடக்கத்திலேயே நன்றாக ஒலித்த கருவி; மோசமானவை கழுத்தும் உடலுமாகப் பிரிந்து உதிரிகளாகக் கரைந்தன. பழையவை நன்றாக ஒலிக்கின்றன என்ற அனுபவம் உண்மையாக இருக்கும்போதே, பழமைதான் காரணம் என்ற முடிவு தவறாக இருக்கலாம்.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. விலை இவ்வளவு ஏறிய சந்தையில் மோசடியும் ஏறும்; தலைப்பகுதியில் ஒட்டும் பெயர்ச்சின்னம் முதல் வயதான தோற்றமுள்ள திருகுகள் வரை எல்லாவற்றுக்கும் நகல்கள் கிடைக்கின்றன; எனவே கை படாத நிலையை வலியுறுத்துவதே வாங்குபவருக்கு ஒரே காப்பு என்பது அது. காப்பு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மோசடியின் இலக்கணம் மாற்றம் அல்ல, மறைப்பு. 1963இன் உடலில் 1966இன் கழுத்து பூட்டப்பட்டது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாதி விலை என்று தண்டிக்கும் சந்தைதான் மாற்றத்தை மறைக்கும் ஆசையை வளர்க்கிறது. பழைய பூச்சைப் போலவே புதுப்பூச்சு அடிக்கும் திறமைக்கு அங்கே தனி வருமானம் உண்டு. தேய்மானத்தின் தோற்றமே விற்பனைக்குரிய சரக்கு என்பதை ஃபெண்டரே ஒப்புக்கொண்டுவிட்டது. 1982இல் தன் 1957, 1962 மாடல்களைத் தானே மறுபதிப்பாக வெளியிட்டது. 1990களின் நடுவில் பிறக்கும்போதே கீறலும் பூச்சு உதிர்ந்த தடங்களும் கொண்ட ‘ரெலிக்’ கருவிகளைத் தொடங்கியது. வாழ்ந்த அடையாளத்தை ஆலையில் தயாரித்துத் தரும் காலத்தில், உண்மையில் வாழ்ந்த கருவியின் பழுதுகளைக் குறையாக எண்ணுவது முரண்.

இந்த வாதத்தைக் கருவியைச் சீரமைக்கும் மேசையில் எளிதாகச் சோதிக்கலாம். நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை எழுபது கிலோவுக்கு மேல்; அதைத் தாங்கக் கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற எஃகுத் தண்டு ஓடுகிறது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் சுமார் 0.35 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். கூடினால் விரல் வலிக்கும், சுருதி விலகும். அந்தத் தண்டைத் திருப்பும் மரை, பழைய ஃபெண்டரில் கழுத்தின் அடிமுனையில், உடலுக்குள் புதைந்து இருக்கிறது. பாதுகாப்பாகத் திருப்ப வேண்டுமானால் தந்திகளைத் தளர்த்தி, நான்கு திருகுகளையும் எடுத்து, கழுத்தைக் கழற்ற வேண்டும். கால் சுற்றுத் திருப்பி, மறுபடி பூட்டி, தந்தி ஏற்றிப் பார்த்து, போதாவிட்டால் மீண்டும் கழற்ற வேண்டும். கழுத்தின் சாய்வு சரியில்லை என்றால் குழியில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைப்பார்கள். அதை ஆலையே வைத்திருக்கிறது, பிற்கால மெக்கானிக்கின் தலையீடு என்று பதற வேண்டாம். பிறகுதான் பிரிட்ஜின் சேணங்களை உயர்த்தித் தாழ்த்துவதும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் சுரத்தை அதே இடத்து ஹார்மோனிக்கோடு ஒப்பிட்டுச் சேணத்தை முன்பின் நகர்த்துவதும். ஆக, ஒருமுறைகூடக் கழற்றப்படாத பேஸ் என்று பெருமையாக விற்கப்படுவது, பெரும்பாலும் ஒருமுறைகூட ஒழுங்காகச் சீரமைக்கப்படாத பேஸ்.

இதிலிருந்து வாங்குபவருக்கான விதிகள் தாமாகவே வருகின்றன. எளிதில் மாற்றக்கூடியதற்காக விலையில் பெரிதாகத் தண்டிக்க வேண்டாம். மாற்ற முடியாததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஃப்ரெட், கன்ட்ரோல், தந்தி, பிரிட்ஜ் எல்லாம் தேயும் பாகங்கள். சைக்கிளுக்கு டயர் மாற்றியதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. முறுக்கிக்கொண்ட கழுத்து, இறுதிவரை திருப்பி இனி நகராத ட்ரஸ் ராடு, பலமுறை கழற்றியதில் துளை தளர்ந்து திருகு பிடிக்காத மரம், கூடுதல் பிக்கப்புக்காக வெட்டி எடுத்த உடல் ஆகியவையே உண்மையான இழப்புகள். எல்லை தாண்டி வாங்குபவர் பலகையின் மரத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தி, பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரத்துக்கு மாறியது. பிரேசில் மரம் 1992 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் உரிய சான்றிதழ் இல்லாமல் அதை நாட்டின் எல்லை தாண்டி விற்க முடியாது. செய்து முடித்த இசைக்கருவிகளிலுள்ள ஈட்டிக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது. ஆண்டை நிர்ணயிக்கும் திறமை இங்கே மதிப்பைத் தாண்டிச் சட்டத்தையும் தொடுகிறது. கழுத்து மாற்றப்பட்டிருந்தால் அதைத் தெரிந்துகொள்வதும் அதனாலேயே அவசியம்.

அருங்காட்சியகங்களில் சில கருவிகள் தொடப்படாமல் இருக்கட்டும். ஆலை எப்படிச் செய்தது என்பதற்கு ஆதாரமாக அவை தேவை. ஆனால் அந்த ஆதார மதிப்பை எல்லாக் கருவிகளுக்குமான அளவுகோலாக்கியதில்தான் சந்தை பிசகியது. பழைய பேஸோடு வர வேண்டிய ஆவணம், அதற்கு எந்த ஆண்டில் யார் எதை ஏன் மாற்றினார் என்ற குறிப்பேடு. பழைய வீட்டுக்கும் பழைய வண்டிக்கும் அப்படிப்பட்ட தாள்களைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள், பல இலட்சம் கொடுத்து வாங்கும் பேஸுக்கும் அதைக் கேட்கலாம். விற்பவர் அந்தக் குறிப்பேட்டை நீட்டினால் விலை கூட வேண்டும், குறையக் கூடாது. பழுதுபார்ப்பவர் ஒருவர் பழுதுபார்ப்பவர்களுக்காக உருவாக்கிய கருவிக்கு அதுவே நேர்மையான விலை.